வளைகாப்புக்கு ரொம்ப முன்னாடியே: கர்ப்பமும் வேலையிடத்து ரசாயனமும்

நாள் தள்ளிப்போய் எட்டாம் நாள் வாக்கில் குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. பதினான்காம் நாள் வாக்கில், பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற குழாய் மூடி முடிந்துவிடுகிறது. 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிலக்கு வருகிற பெண்ணுக்கான கணக்கு இது. அந்தப் பதினான்காம் நாளில் பலர் இன்னும் டெஸ்ட் கிட்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். "அலைச்சல்தான், அடுத்த வாரம் வந்துடும்" என்று நினைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

நம் ஊர் வழக்கத்தில் பிள்ளைத்தாச்சியைத் தாங்கத் தொடங்குவது வயிறு தெரிந்த பிறகுதான். ஏழாம் மாதம் வளைகாப்பு, அதன்பின் அம்மா வீடு. சட்டமும் கிட்டத்தட்ட அதே மாதிரி கடைசி மாதங்களைத்தான் பார்க்கிறது. கனமான பொருளைத் தூக்குவதற்கும் நெடுநேரம் நிற்பதற்கும் அது சரியான பார்வை. ரசாயனத்துக்கு அது பொருந்தாது. உறுப்பின் அமைப்பைக் கெடுக்கக்கூடிய ரசாயனம் தன் வேலையைக் காட்டுவது, கர்ப்பம் யார் கண்ணுக்கும் தெரியாத அந்த முதல் வாரங்களில்தான். கடலூர் சிப்காட்டிலோ, புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கத்து யூனிட்டுகளிலோ, பண்ருட்டிப் பக்கம் கொல்லையிலோ வேலை பார்க்கிற பெண்ணும் அவள் வீட்டாரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்தக் கால வித்தியாசத்தைத்தான்.

எந்த வாரத்தில் என்ன

டாக்டர் சொல்லும் வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஓடுகிறது. கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே "ஆறு வாரம்" என்று சீட்டில் எழுதினால் கருவுக்கு வயது நான்கு வாரம். கீழே வருவதெல்லாம் டாக்டர் சீட்டின் கணக்கில்.

நாலாம் வாரம் வரை கரு சின்ன உயிரணுக் கூட்டம். அப்போது கடுமையாக அடிபட்டால் பெரும்பாலும் கரு தங்காது. தங்கினால் பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடும். ஐந்திலிருந்து பத்தாம் வாரம் வரைதான் உறுப்புகள் உருவாகிற காலம். இதயத்தின் அறைகள் பிரிவது, கை கால் மொட்டு விடுவது, மேலுதடு இரு பக்கமிருந்து வந்து ஒட்டுவது எல்லாம் இந்த ஆறு வாரத்தில் நடக்கிறது. அண்ணம் மூடுவதற்கு மட்டும் இன்னும் சில வாரம் ஆகும். பன்னிரண்டு வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துவிட வேண்டும் என்று சொல்வது நல்ல விதிதான். ஆனால் பன்னிரண்டாம் வாரத்தில் பதிகிறவருக்கு இந்த ஜன்னல் ஏற்கெனவே மூடிவிட்டிருக்கும்.

நாள் எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் தாலிடோமைடு மாத்திரையால் கற்றது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தூக்க மாத்திரை அது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். கருவுக்கு 20 முதல் 36 நாள் வயது இருக்கும்போது சாப்பிட்டவர்களின் குழந்தைகள்தான் பாதிக்கப்பட்டன. அதற்குள்ளும், முன்னால் சாப்பிட்டிருந்தால் காது, சில நாள் கழித்து என்றால் கை, இன்னும் சற்றுப் பின்னால் என்றால் கால். மாத்திரை ஒன்றுதான், சாப்பிட்ட நாள்தான் வேறு.

பத்து வாரம் தாண்டியதும் ஆபத்து போய்விடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. மூளை பிரசவம் வரையிலும் அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஈயமும் பாதரசமும் விரலையோ உதட்டையோ மாற்றாமல் மூளையைத் தொடுகின்றன. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த பாதரச நஞ்சில், தாய்க்கு லேசான அறிகுறியோ எதுவுமே இல்லாமலோ இருக்க, குழந்தை கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தது. நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது.

பயப்படும் முன் ஒரு கணக்கு

ரசாயனத்தின் வாடையே படாத பெண்களிடமும் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று தனித்துச் சொல்ல முடிவதில்லை. மரபணு, சர்க்கரை நோய், ஃபோலிக் அமிலக் குறைவு, கிருமித் தொற்று, சில மருந்துகள் என்று பல சேர்ந்து வருகின்றன. வேலையிட ரசாயனம் அந்த வரிசையில் ஒன்று. ஆகவே உதட்டுப் பிளவோடு பிறந்த ஒரு குழந்தையைக் காட்டி "பசை வேலைக்குப் போனதால்தான்" என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. "கிரகணத்தில் வெளியே வந்ததால்தான்" என்று சொல்வதற்கோ எந்த ஆதாரமும் கிடையாது. தாயைக் குற்றவாளியாக்குகிற பேச்சு எந்த வீட்டிலும் வேண்டாம்.

மூன்று என்பது கூடுமா என்பதுதான் கேள்வி. கனடாவின் டொராண்டோவில் நடந்து 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே உதவும். முதல் மூன்று மாதத்தில் தின்னர், பெயின்ட் வகைக் கரைப்பான்களோடு வேலை பார்த்த 125 பெண்களின் குழந்தைகளில் 13 பெரிய குறைபாடுகள். அந்த வேலை இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் ஒன்று. அந்தப் பதின்மூன்றில் பன்னிரண்டு, வேலை நேரத்தில் தலைசுற்றல், தலைவலி, கண் மூக்கு எரிச்சல் என்று ஏதாவது அறிகுறி இருந்த 75 பெண்களின் குழந்தைகள். அறிகுறியே இல்லாத 43 பேரிடம் ஒன்றும் இல்லை. சிறிய ஆய்வுதான்; எண்ணை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிவந்து வைக்க முடியாது. ஆனால் அது சொல்லும் திசை பயனுள்ளது: அளவு முக்கியம், உடம்பு கொடுக்கும் முன்னறிவிப்பும் முக்கியம். வேலையில் தலை கிர்ரென்று சுற்றி, வெளியே வந்து காற்று வாங்கினால் சரியாகிறது என்றால், அதை "பழகிடும்" என்று விட்டுவிடக் கூடாது.

மூக்கை மட்டும் நம்பவும் கூடாது. ஐஸ் பிளான்ட்டில் கசிகிற அமோனியா கண்ணைப் பிடுங்கும், நுரையீரலை எரிக்கும், உடனே ஓட வேண்டியதுதான். ஆனால் பிறவிக் குறைபாட்டோடு அதற்குத் தொடர்பு அறியப்படவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து வரும் அந்த வாயு, தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது, மெதுவாகத்தான் இறங்குகிறது. ஈயத் தூசிக்கும் வாடை இல்லை. பசையிலும் தின்னரிலும் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பானுக்கு வாடை உண்டு, ஆனால் உட்கார்ந்து சற்று நேரத்தில் மூக்கு அதற்குப் பழகி மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று தோன்றுவது அதனால்தான். அறையில் ஆவி அப்படியேதான் இருக்கும்.

ஒரு பசை டப்பாவைச் சுற்றி

செருப்பு, தோல் பை வேலையில் "சொல்யூஷன்" என்று அழைக்கும் ரப்பர் பசையை எடுத்துக்கொள்வோம். அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் பல தயாரிப்புகளில் டொலுயீன். பசை காய்வது என்றால் அந்த டொலுயீன் முழுவதும் காற்றில் ஏறுவது.

10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி, சன்னல் சாத்திய அறை. அதில் வெறும் 12 மில்லி, அதாவது இரண்டரை டீஸ்பூன் டொலுயீன் ஆவியானால் போதும், காற்றில் அதன் அளவு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு, ஆகிவிடும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எட்டு மணி நேரச் சராசரிக்குப் போட்டிருந்த உச்ச வரம்பே 100 தான். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைப்பது 20. அதற்கு அரை டீஸ்பூனே அதிகம். ஒரு நாளில் எத்தனை டப்பா காலியாகிறது என்று யோசித்தால், சன்னலைத் திறப்பது ஏன் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை என்பது புரியும். இந்த வரம்புகள் வேலையாளின் உடம்பை மனதில் வைத்துப் போட்டவை. கருவுக்கான உத்தரவாதமாக எழுதப்பட்டவை அல்ல.

டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கொட்டிய ஆவி தரையோடு தங்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பசை தடவுகிற பெண்ணின் மூக்கு அந்த மட்டத்துக்குத்தான் பக்கம். வேலையை மேசை உயரத்துக்கு ஏற்றுவதே ஒரு பாதுகாப்பு. ஃபேன் வைக்கும் திசையில் அடிக்கடி தவறு நடக்கிறது. டப்பாவுக்கு அந்தப் பக்கம் ஃபேன் இருந்தால் ஆவியை எடுத்து முகத்தில் அடிக்கும். காற்று முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலோ வந்து, டப்பாவைக் கடந்து, சுவரில் கீழ்மட்டத்தில் பொருத்திய எக்ஸாஸ்ட் வழியாக வெளியேற வேண்டும். சீலிங் ஃபேன் ஆவியை அறை முழுக்கக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. டப்பாவுக்கு பிரஷ் நுழையும் அளவு துளை போட்ட மூடி, பசைத் துணிகளைப் போட மூடியுள்ள தகர டின், வேலை முடிந்து கையைத் தின்னரால் துடைக்காமல் சோப்பும் தேங்காய் எண்ணெயும்: இந்த மூன்றுக்கும் செலவு கொஞ்சம்தான், பலன் பெரிது.

டொலுயீன் கருவை என்ன செய்யும்? போதைக்காக அதை முகர்ந்து பழகிய தாய்மார்களின் குழந்தைகளில் முக அமைப்பு மாற்றம், சிறிய தலை, வளர்ச்சிக் குறைவு பதிவாகியிருக்கின்றன. அது மிக அதிக அளவு. வேலையிட அளவில் கருச்சிதைவு கூடுவதற்கான சான்று இருக்கிறது. உறுப்புக் குறைபாட்டுக்கான சான்று அவ்வளவு உறுதியானதல்ல. அதனால்தான் அதை "சந்தேகத்துக்குரியது" என்ற படியில் வைத்திருக்கிறார்கள்.

கொல்லையில்

பூச்சிக்கொல்லியை நாம் "மருந்து" என்றுதான் சொல்கிறோம். மருந்து அடிப்பது ஆணாக இருந்தாலும், தண்ணீர் குடம் சுமப்பதும், அடித்த மறுநாள் களை எடுக்க இறங்குவதும், அந்தச் சட்டையைத் துவைப்பதும் பெரும்பாலும் பெண்கள். தெளிக்கும் நேரத்தைவிட, கரைக்கும்போது கெட்டியான மருந்து கையில் படுவதும், ஈர இலையில் தோல் உரசுவதும் உடம்புக்குள் அதிகம் போக வழி.

மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, விதை நேர்த்தி செய்வதைப் பாருங்கள். ஒரு கிலோ பருப்புக்கு 2 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி. ஏக்கருக்கு ஐம்பது கிலோ விதை என்றால் நூறு கிராம் பொடி. அதைத் தாம்பாளத்திலோ சாக்கிலோ கொட்டி வெறுங்கையால் புரட்டுவார்கள். நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டும், முந்தானையில் துடைப்பார்கள். பொட்டலத்தில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்குகிறது. அது சொல்வது "எவ்வளவு உள்ளே போனால் சாவு" என்ற ஒன்றை மட்டும். கருவைப் பற்றி அந்த நிறம் எதுவும் சொல்லாது. கார்பென்டசிம் உடனடி நஞ்சாகப் பார்த்தால் மிக மென்மையானது. ஆனால் ஐரோப்பிய வகைப்பாட்டில் அது கருவைப் பாதிக்கக்கூடியவற்றின் மேல்படியில் இருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம். அல்லது கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலக்கலாம். அதுவும் பரிந்துரைக்கப்பட்ட முறைதான். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பூஞ்சாணக்கொல்லி டிரைகோடெர்மாவையே கொன்றுவிடும்.

டிரம்மின் தாளைப் படிப்பது

எந்த ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று உண்டு. கம்பெனியில் எம்எஸ்டிஎஸ் அல்லது எஸ்டிஎஸ் என்பார்கள். பதினாறு பகுதிகள். எல்லாம் படிக்க வேண்டாம். இரண்டாம் பகுதியில் ஆபத்து எண்கள் இருக்கும்: ஆங்கில எச் எழுத்தும் மூன்று இலக்கமும். 360 என்றால் கருவையோ கருவுறும் திறனையோ பாதிக்கக்கூடியது. 361 என்றால் அப்படிச் சந்தேகிக்கப்படுவது. எண்ணுக்குப் பின்னால் டி எழுத்து இருந்தால் கரு, எஃப் இருந்தால் கருவுறும் திறன். 362 தாய்ப்பால் வழியாகத் தீங்கு. லேபிளில் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி மனித உருவம் இருந்தால் 360, 361 எண்களைத் தேட வேண்டும் என்று பொருள். மூன்றாம் பகுதியில் கலவையிலுள்ள பொருள்களின் பெயர்களும், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்ணான கேஸ் (CAS) எண்களும் இருக்கும். வியாபாரப் பெயர் எதுவாக இருந்தாலும் கேஸ் எண் மாறாது: 108-88-3 டொலுயீன், 68-12-2 டைமெத்தில்ஃபார்மமைடு, 872-50-4 என்எம்பி. பின்னிரண்டும் மருந்து, பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் நிறையப் புழங்கும் கரைப்பான்கள், இரண்டும் 360 டி. டிஎம்எஃப் என்று சுருக்கமாகச் சொல்லும் டைமெத்தில்ஃபார்மமைடு தோல் வழியாகவே நன்றாக உள்ளே போகும்.

இங்கேதான் கையுறை விஷயம் வருகிறது. மருத்துவமனைப் பாணி லேடெக்ஸ் கையுறையை டொலுயீன் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். நைட்ரைல் பெட்ரோல், எண்ணெய் வகைக்கு நல்லது. டிஎம்எஃப், அசிட்டோன், டைகுளோரோமீத்தேன் முன்னால் நிற்காது. டிஎம்எஃபுக்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். பொருந்தாத கையுறை உள்ளே நனைந்துவிட்டால், வெறுங்கையைவிட மோசம்; திரவம் தோலோடு ஒட்டி மணிக்கணக்கில் இருக்கும். எது பொருந்தும் என்பது தாளின் எட்டாம் பகுதியில் எழுதியிருக்க வேண்டும். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர்தான். அதுவும் முகத்தோடு இறுக்கமாகப் படிய வேண்டும், கார்ட்ரிட்ஜைக் காலத்தில் மாற்ற வேண்டும். கர்ப்பத்தில் ஒரு நிமிடத்துக்கு இழுக்கும் காற்றின் அளவு 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. மாஸ்க்கோடு எட்டு மணி நேரம் என்பது நடைமுறையில் கஷ்டம். அதனால் மாஸ்க் கடைசி வழிதான். ரசாயனத்தை மாற்றுவதும், குழாயில் மூடி அனுப்புவதும், பெண்ணை வேறு பணிக்கு மாற்றுவதும் அதற்கு முன்னால் வர வேண்டியவை.

மருத்துவமனையில் புற்றுநோய் மருந்து கையாளும் நர்சுகளுக்கும் இதே கணக்குத்தான். மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை கருவைக் கெடுப்பது திட்டமாகத் தெரிந்தது. இரட்டைக் கையுறை, கவுன், மாத்திரையைப் பொடி செய்யாமை, மருந்து ஏறிய நோயாளியின் சிறுநீரை 48 மணி நேரம் கையுறையோடே கையாள்வது.

வீட்டுக்காரர் சட்டை

பேட்டரி உருக்குகிற இடத்திலோ பழைய பெயின்ட் சுரண்டும் வேலையிலோ கணவர் இருந்தால், ஈயம் அவர் சட்டையில் ஏறி வீட்டுக்கு வரும். வேலையிடத்திலேயே குளித்து, துணி மாற்றி, தனிப் பையில் கொண்டுவந்து, மற்ற துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். உதறக் கூடாது. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. குழந்தைக்குத் திட்டமிடும் ஆணும் மூன்று மாதம் முன்னாலேயே கவனம் தொடங்கலாம்.

ஈயத்துக்கு இன்னொரு கெட்ட குணம். அது எலும்பில் போய் ஆண்டுக்கணக்கில் தங்கும். கர்ப்பத்தில் குழந்தைக்குக் கால்சியம் வேண்டி எலும்பு கரையும்போது பழைய ஈயமும் சேர்ந்து ரத்தத்தில் இறங்கும். வேலையை விட்டுச் சில ஆண்டு ஆனவரும் ரத்த ஈயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உணவில் கால்சியம் குறைவான கர்ப்பிணிக்கு கால்சியமும் இரும்பும் கொடுக்கச் சொல்கிறது.

ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால்

பயத்தில் கருவைக் கலைக்க முடிவெடுக்காதீர்கள். ரசாயனம் பட்டது என்ற ஒன்று மட்டும் அதற்குக் காரணமாகாது. லேபிளை போனில் படம் எடுங்கள். எந்தப் பொருள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தலைசுற்றல் வாந்தி இருந்ததா, கையுறை எந்த வகை என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். "கம்பெனியில் வேலை" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் கணிக்க முடியாது. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன். ஸ்கேன் எல்லாக் குறையையும் காட்டாது, காரணத்தைச் சொல்லவே சொல்லாது. ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் முன்பிருந்தே. அது நரம்புக் குழாய் மூடுவதற்கு உதவுகிறது. ரசாயனத்துக்கு மாற்றுமருந்து அல்ல.

வேலையை விட்டால் அடுப்பு எரியாது என்கிற நிலையில்தான் பலர் இருக்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது பணிமாற்றம்: பேக்கிங், ஸ்டோர், அலுவலகம், அதே சம்பளத்தில். வாய்மொழியாக இல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற பெண்ணுக்குத்தான் டிரம் கழுவும் வேலை பெரும்பாலும் வருகிறது, தாளும் அவள் கண்ணில் படுவதில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்து, 2025 நவம்பரில் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு வந்த பகுதி, ஆபத்தான பொருள் பற்றிய தகவலைத் தொழிலாளிக்குச் சொல்வது நிர்வாகத்தின் கடமை என்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்து, 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு வந்த விதி, கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலை கொடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தொடங்குவது பிரசவத் தேதிக்கு ஏறக்குறைய பத்து வாரம் முன்னால்தான். முதல் பத்து வாரத்துக்கு அந்தச் சட்டத்தில் வெளிப்படையான வரி இல்லை என்பது பெரிய ஓட்டை. அதை நிரப்ப, டாக்டரின் எழுத்துமூலச் சீட்டுதான் இப்போதைக்குக் கைப்பிடி. எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியில் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளர் அலுவலகம், அந்தப் பக்கம் கடலூரில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்று முறையிடும் இடம் மாறும்.

பிரசவ விடுப்பு முடிந்து, பால் கொடுத்துக்கொண்டே வேலைக்குத் திரும்பும் அன்றும் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், 362 இருக்கிறதா என்று. இருந்தால் பணிமாற்றக் கடிதத்தை இன்னொரு முறை எழுத வேண்டும். இல்லாவிட்டாலும், மாற்றுத் துணியும் சோப்பும் பையில் இருக்கட்டும். பிள்ளையைத் தூக்கும் முன் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.